வெள்ளைக் கொடி

நாலரை மணி. ஜன்னலைத் திறந்து
துறைமுகக் கம்பத்தைப் பார்த்தேன்.
மூன்று நாளாய்ச் சிவப்பு.
இன்றைக்கு வெள்ளை.

இசாமு ஒரு வார்த்தை பேசவில்லை.
ஆறிப்போன தேநீரை நின்றபடியே குடித்துவிட்டுப்
படகுக்குப் போய்விட்டார்.
ஒலிபெருக்கி இருமுறை இருமிவிட்டுச் சொன்னது:
தெற்குக் காற்று, மாலை வரை தெளிந்த வானம்.
அதை நம்பிப் போர்வை உலர்த்துகிறவர்
இந்தக் கரையில் யாரும் இல்லை.
பாசியை உலர்த்துவோம். வேறு வழி?

கூடம் முழுக்கக் கால்கள்.
நேற்றுக் கடைசிப் பேருந்தில்
சப்போரோவிலிருந்து வந்திறங்கிய
கொழுந்தன் ஹருயோஷி, ஓரகத்தி நாகிசா, பையன் ரிக்கு.
விருந்தாளிகளை எழுப்பலாமா என்று
ஒரு நிமிடம் யோசித்தேன்.
ஒரே ஒரு நிமிடம்.
ஜூலையில் எங்களுக்கு வெயில்தான் விருந்தாளி,
மற்றவர்கள் வேலையாட்கள்.

நாகிசாவின் நகங்களில் செர்ரிப்பழச் சிவப்பு.
என் பழைய பூட்ஸ் அவளுக்கு இரண்டளவு பெரிசு,
முனையில் செய்தித்தாளைத் திணித்துக் கொடுத்தேன்.
இவளா, என்று
பக்கத்து வீட்டுச் சிகூசா கண்ணாலேயே கேட்டாள்.
ஏன், பட்டணத்துக்காரி என்றால்
தலையில் கொம்பா முளைத்திருக்கிறது?
தோளில் முளைக்கட்டும் என்று
முதல் படகு இறக்கிய கொம்புப்பாசியில் ஒரு கட்டை
அவள் தோளில் போட்டேன்.
ஐயோ, உயிரோடு இருக்கிறதே, என்றாள்.
ஆனால் கீழே போடவில்லை.

ஈரப் பாசி ஆளைவிட நீளம்,
கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரிக் கனம்.
கூழாங்கல் மேல் ஒவ்வொன்றாக,
ஒன்றை ஒன்று தொடாமல்,
சுருக்கம் நீவி நீவிக் கிடத்த வேண்டும்.
ரிக்கு நோட்டுப் புத்தகத்துக்குக் கோடு போடுவதுபோல்
ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நேர் பார்த்தான்.
எட்டு மணிக்கெல்லாம் கரை கறுத்துப் பளபளத்தது.

பதினொரு மணிக்குச் சோற்றுருண்டை.
உள்ளே உப்பூறிய பிளம், குடிக்கக் குளிர்ந்த பார்லித் தண்ணீர்.
நாகிசா நான்கு தின்றாள்.
வீட்டில் காலைச் சாப்பாடே கிடையாதாம்.

ஒன்றரைக்குக் கடலின் விளிம்பு காணாமல் போனது.
மூடுபனி.
யாரும் கத்தவில்லை, ஓடினோம்.
முக்கால் உலர்ந்தது, கால் உலர்ந்தது,
எல்லாவற்றையும் வாரி வாரிக் கொட்டகைக்கு.
நாகிசா ஒரு பூட்ஸைக் கல்லிடுக்கில் விட்டுவிட்டு
ஒற்றைக் காலுறையோடு ஓடினாள்.
லாரி நிறுத்தும் இடத்துத் தகராறில்
ஏப்ரலிலிருந்து என்னோடு பேசாத சிகூசா
தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு
'இழு, இழு' என்றாள்.
அதுவும் பேச்சில் சேர்த்திதானே.

கொட்டகை இருட்டில் கட்டுப் போடும்போது
ஹருயோஷி கயிற்றைப் பார்த்தபடி கேட்டான்,
சீசன் எப்போது முடியும், அண்ணி?
செப்டம்பர் நடுவில், என்றேன்.
ஓ, என்றான்.
அவன் அலுவலகத்தில்
ஜூலையில் விடுமுறை தர மாட்டார்கள்.
பதினாறு வருஷமாய் அவன் ஜூலையில் வந்ததே இல்லை.
கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி
முடிச்சுப் போட்டேன்.
கூட்டுறவுக் கடையில் உன் அளவுக்கு
பூட்ஸ் இருக்கும், என்றேன்.
காலையில் ஐந்து மணிக்கே திறந்துவிடுவார்கள்.

குளியல் தொட்டியில் முதல் முறை பையனுக்கு.
வெந்நீரில் உட்கார்ந்து பாடியவன்
பாதிப் பாட்டில் தூங்கிப்போனான்.
இசாமு கணவாயை நெருப்பில் வாட்டினார்,
பீர் திறந்தார், வானொலியில் பேஸ்பால் ஓடியது,
யார் ஜெயித்தார்களோ.
நாகிசா மிச்சமிருந்த நகச்சாயத்தைச்
சுரண்டிக்கொண்டே கணவாய்க் காலை மென்றாள்.

அவர்கள் கொண்டுவந்த இனிப்புப் பெட்டியை
அப்போதுதான் பிரித்தேன்.
பன்னிரண்டு இருந்தது.
இரண்டைத் தட்டில் வைத்துச்
சிகூசா வீட்டுக்கு எடுத்துப்போனேன்.
தட்டை உடனே திருப்பித் தரவில்லை.
நாளைக்குத் தருகிறேன், என்றாள்,
கழுவ வேண்டும்.